மறுபடியும் முதலாம் வருடம்

சுவர்ணா இரண்டாம் முறை பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. வணிகத்தில் ஒரு பட்டம் ஏற்கனவே இருந்தது. அதை வைத்துத்தான் நகரத்துப் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையும் கிடைத்தது. இப்போது அவள் பதிந்திருந்தது திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்புக்கு.

பக்கத்து மேசை சுபாஸுக்கு அது விளங்கவே இல்லை.

"மாஸ்டர்ஸ் செய்தாலாவது புரமோசனுக்கு உதவும், அக்கா. உது திரும்ப அடியிலையிருந்தெல்லோ தொடங்கவேணும்?"

"ஓம், அடியிலையிருந்துதான்."

"என்னத்துக்கு?"

சிரித்துச் சமாளித்தாள். காரணம் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் அது சின்னதாகப் போய்விடும் போலிருந்தது.

அதற்கு முந்தைய மாரியில், குருநகரிலிருந்து மரியநாயகி என்றொரு பெண் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கதைத்தாள். தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணியில் பாதியை மகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் வடபகுதித் தமிழருக்கென்று உள்ள தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றப் புருசனின் சம்மதம் தேவை. புருசனோ அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிப் போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை.

"செத்துப்போனார் எண்டு பதியச் சொல்லினம், மிஸ். நான் எப்பிடி அப்பிடிச் சொல்லுறது?"

சுவர்ணாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. "ஒரு சட்டத்தரணியைக் கேட்டுப் பாருங்கோ" என்றாள்.

"கேட்டனான். இஞ்சை கேக்கச் சொன்னவை" என்றுவிட்டு மரியநாயகி மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலை பண்டத்தரிப்பில், தன் தாய் தந்தையர் தனக்கு எழுதிய வீட்டின் விறாந்தையில் இருந்தபடி, சுவர்ணா கணவன் மயூரதனைக் கேட்டாள். "என்ரை வீட்டை நான் விக்கிறதெண்டாலும் உங்கடை கையெழுத்து வேணுமாம். தெரியுமே?"

"அப்பிடியோ? அப்ப இனி எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருடம் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதினாள்.

முதல்நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மோர்னிங் மிஸ்" என்றார்கள். தானும் படிக்கத்தான் வந்தவள் என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தாள். பக்கத்திலிருந்த தாரிகா என்ற நல்லூர்ப் பெண், சிரிப்பை அடக்க முடியாமல் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம்.

படிப்பு லேசாக இருக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வசனத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்துவிடும். முதல் பரீட்சையில் ஒரு பாடம் தவறியது. வீட்டில் மகள் கீர்த்திகா, "அம்மா பெயில்" என்று சொல்லிச் சொல்லித் திரிந்தாள். பிறகு பாவம் பார்த்துத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சுவர்ணா விடவில்லை. தேசவழமை வரும்வரை காத்திருந்தாள்.

இரண்டாம் வருடத்தில் அது வந்தது. புருசன் காணாமற் போயிருந்தாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்திடம் மனைவி அனுமதி கேட்கலாம். அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை. அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்தச் சனிக்கிழமையே, வகுப்பு முடிந்த கையோடு, குருநகருக்கு ஓட்டோ பிடித்தாள்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மரியநாயகி முற்றத்தில் உடுப்புக் காயவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரைத் தேடுறியள், பிள்ளை?"

சுவர்ணா தான் யாரென்று சொன்னாள். மழை நாள், குடை, காணி எல்லாவற்றையும் சொன்னாள். மரியநாயகி நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள்.

"குறை நினைக்காதேங்கோ. அப்ப எத்தினை ஒப்பிசுக்கு ஏறி இறங்கினனான். உங்கடை முகம் ஞாபகமில்லை."

"பரவாயில்லை. அந்தக் காணி அலுவல்…"

"அது அந்த வருசமே முடிஞ்சுதே! எங்கடை சந்தியோகு அண்ணைக்குத் தெரிஞ்ச சட்டத்தரணி ஒராள் கோட்டிலை கேட்டு எடுத்துத் தந்தவர். அங்கை பாருங்கோ, மகள் வீடும் கட்டியிட்டாள்."

வேலிக்கு அப்பால் நீல நிறம் பூசிய சின்ன வீடொன்று நின்றது. சுவர்ணா தலையாட்டினாள். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு, அந்த வழியைத் தான் இப்போதுதான் சட்டப் படிப்பில் வாசித்ததாக மட்டும் சொன்னாள்.

"அப்ப, எனக்காகவோ உந்தப் படிப்புப் படிக்கிறியள்?" மரியநாயகி திகைத்துப்போய்க் கேட்டாள்.

"ஓம்… இல்லை. அப்பிடியில்லை."

மரியநாயகி விடவில்லை, தேத்தண்ணீர் குடிக்க வைத்துத்தான் அனுப்பினாள். பேருந்தில் வரும்போது சுவர்ணாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நல்லது நடந்ததில் சந்தோசப்படத் தெரியாமல், தன்னுடைய காரணம் பறிபோனதற்காகத் துக்கப்படுகிறோமே என்று நினைக்க நினைக்க வெட்கம் கூடியது.

அதன்பிறகு அவள் புத்தகத்தைத் தொடவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. மயூரதன் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"களைச்சுப் போனீரெண்டால் விடும். ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

விடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். அந்த நேரத்தில்தான் தாரிகா தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, தேசவழமைப் பாடத்திலை வாற அந்தக் காணித் தீர்ப்பு எனக்கு மண்டைக்குள்ளை ஏறுதில்லை. நாலு நீதியரசர்மார் ஒரு பக்கம், ஒராள் மற்றப் பக்கம். நீங்கள் ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

பிள்ளைக்கு உதவத்தான் சுவர்ணா அதை எடுத்தாள். சமையலறை மேசையில் வைத்து, கத்தரிக்காய் வெட்டுவதை இடையில் விட்டுவிட்டு வாசித்தாள். புருசனின் சம்மதமில்லாமல் மனைவி காணியை எழுதிக் கொடுத்தது செல்லாது என்று நால்வரும் சொன்னதை வாசிக்க வாசிக்கக் கோபம் வந்தது. தனித்து நின்ற அந்த ஒருவரிடம் வந்தபோது, ஓம், இதைத்தானே நானும் சொல்ல நினைத்தேன் என்று தோன்றியது. ஆனால் அவருடைய வாதத்திலும் ஓரிடத்தில் ஓட்டை இருந்தது. தாரிகாவுக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்து, அந்த ஓட்டையை எப்படி அடைத்திருக்கலாம் என்று விளக்கத் தொடங்கியவள், கீர்த்திகா வாசலில் நின்று ஆவென்று பார்ப்பதைக் கண்டபிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதை உணர்ந்தாள்.

"அம்மா, ஆரோடை சண்டை?"

"உயர் நீதிமன்றத்தோடை" என்றாள் சுவர்ணா.

முதற் பட்டத்தில் அவள் எதனோடும் இப்படிச் சண்டை பிடித்ததில்லை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்கு வணிகம் கிடைத்தது, அப்பாவும் அதுதான் நல்லது என்றார், அவளும் படித்தாள். அந்தக் கணக்குகளில் இரண்டு பக்கமும் சரியாக வந்தால் வேலை முடிந்தது. இங்கே இரண்டு பக்கமும் ஒருபோதும் சரியாக வருவதில்லை, இருந்தும் யாரோ ஒருவர் முடிவு சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கடம் அவளுக்குப் பிடித்திருந்தது. மரியநாயகியை ஒரு சாட்டாகத்தான் இவ்வளவு காலமும் கூடவே வைத்திருந்தோமோ என்றுகூட நினைத்தாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண், எனக்கு விருப்பம், அதனால் படிக்கிறேன் என்று மட்டும் சொன்னால், இந்த ஊரில் யார் நம்புவார்கள்? அவளே நம்பியிருக்க மாட்டாள்.

அடுத்த வகுப்புக்குப் போனாள். பரீட்சை எழுதினாள். ஒன்றைத் தவிர எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தாள். தேசவழமைக்கு அவள் எதிர்பார்த்த அளவு புள்ளி வரவில்லை. தவறிய பாடத்தையும் சேர்த்து மூன்றாம் வருடத்துக்குப் பதியப் போன அன்று, மயூரதன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் விட்டான்.

"எல்லாம் முடிஞ்சாப்பிறகு வேலையை விட்டிட்டுக் கோட்டுக்குப் போறதோ?" இறங்கும்போது கேட்டான்.

"தெரியாது."

"தெரியாமலோ இவ்வளவு பாடுபடுறீர்?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.