சாமி கிள்ளி வச்சது

"இன்டர்நெட் சென்டர்ல அச்சடிச்சுட்டு வந்து படிக்கற வேலையெல்லாம் வேண்டாமுங்க. அவங்கவங்க உடம்புல பட்டதைப் பேசுங்க, போதும்" என்றார் அர்த்தநாரி சார். பிள்ளைகளிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். திட்டும்போதும் அப்படியே என்பதால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் திட்டு வாங்கியதே தெரியாது. பின்னலாடைப் படிப்பில் எங்களுக்குக் கடைசி வருடம். ஆளுக்கொரு தலைப்பு எடுத்து செமினார் பேச வேண்டும். முதலில் வகுப்பில் ஒத்திகை. அடுத்த வாரம் பெரிய மேடை. அங்கே கம்பெனி முதலாளிகள் முன் வரிசையில் உட்காருவார்கள், பிடித்துப்போனால் கையோடு வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஆளாளுக்குச் சாயம், கழிவுநீர், கம்ப்யூட்டர் டிசைன் என்று பெரிய பெரிய தலைப்பாக எழுதிக் கொடுத்தார்கள். என் பக்கத்து பெஞ்சு பரணி, அவன் அப்பா செந்தில்வேல் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, கேட்கவே வேண்டாம், 'ஏற்றுமதியில் எங்கள் குடும்பம்' என்று எழுதினான். எனக்கு மட்டும் சார் சொன்ன சொல் காதிலேயே நின்றது. என் உடம்பில் பட்டது என்ன? செகண்ட்ஸ்தான். வெளிநாட்டுக்குப் போகிற துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் கழித்துப் போட்டுவிடுவார்களே, அந்த செகண்ட்ஸ். நினைவு தெரிந்ததிலிருந்து பத்து வயது வரை அதைத் தவிர வேறெதுவும் நான் போட்டதில்லை. அது எனக்கு வெட்கமே இல்லை, பெருமை. இந்தப் படிப்பில் சேர்ந்ததே அந்தச் சட்டைகள் மேலிருந்த பைத்தியத்தால்தான். 'செகண்ட்ஸ் – நாகஜோதி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டு, "இது பேச்சுங்க" என்றார்.

அம்மா ராக்கம்மாள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவள். அப்பா வரவில்லை, அவரைப் பற்றிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியேறி, பரணி அப்பாவின் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான். தைத்து வருகிற பீஸைப் புரட்டிப் பார்த்து நல்லது தனி, கெட்டது தனி என்று பிரிப்பது அம்மாவின் வேலை. அவளுக்கு முன்னால் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டியவர் மருதாக்கா. உடுமலைப்பேட்டைக்காரர், எங்களுக்கு அடுத்த வாசல். அம்மா ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்தால் எனக்குச் சோறு போட்டதும் அவர்தான்.

கழித்த பீஸை ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அம்மா கொண்டுவரும் சட்டை எப்போதும் என் அளவுக்கே தைத்தது போலிருக்கும். மற்றப் பிள்ளைகளின் செகண்ட்ஸில் நெஞ்சுக்கு நடுவில் ஆயில் கறை இருக்கும், ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாக இருக்கும். என்னுடையதில் இடுப்புக்குக் கீழே ஓரமாக ஒரு பொட்டு ஓட்டை, அவ்வளவுதான். "எப்படிம்மா எனக்குன்னே இப்படிக் கிடைக்குது?" என்று கேட்டால், "சாமி ஒனக்குன்னு கிள்ளி வச்சதுடி" என்பாள். மருதாக்கா அந்த ஓட்டையின் மேல் கலர் நூலில் ஒரு பூப் போட்டுக் கொடுப்பார். பூவோடு தெருவில் இறங்கினால் எனக்குத் தரை தெரியாது.

எனக்குப் பத்து வயதாகும்போது மருதாக்கா திடீரென்று வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு சட்டை வருவதும் நின்றது. "சாமிக்கு இப்ப வேற புள்ளைக ஞாபகம்" என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கிற புத்தி அப்போது எனக்கு ஏது? அப்புறமும்தான் ஏது?

ஒத்திகைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஓவர்டைம் போயிருந்தாள். டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டைகளை எல்லாம் எடுத்தேன். செகண்ட்ஸ் என்றால் ஓட்டை தெரிய வேண்டும் அல்லவா? பிளேடை வைத்து மருதாக்கா போட்ட பூக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வகுப்பில் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

மறுநாள் கரும்பலகைக்கு முன்னால் கயிறு கட்டி, சின்னச் சட்டையில் தொடங்கிப் பெரிய சட்டை வரை வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செகண்ட்ஸ் என்பது தோற்ற துணி இல்லை, ஆள் மாறிப் போன துணி, ஜெர்மனியில் ஏதோ ஒரு குழந்தைக்குப் போக வேண்டியது நல்லூர்க் குழந்தைக்கு வந்தது என்றெல்லாம் அளந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "இந்த ஓட்டையெல்லாம் எனக்குன்னு சாமி கிள்ளி வெச்சது" என்றபோது பெஞ்சைத் தட்டினார்கள்.

"ஏனுங்க ஜோதி, உங்க சாமி நல்ல பேட்டர்ன் மாஸ்டர் போலிருக்குதுங்க" என்றான் பரணி. "எல்லாச் சட்டையிலும் டேப் வெச்சு அளந்த மாதிரி ஒரே எடத்துல கிள்ளியிருக்காரு!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திரும்பிக் கயிற்றைப் பார்த்தேன். இடது பக்கம், கீழ் மடிப்புக்குச் சற்று மேலே. முதல் சட்டை. அடுத்தது. அதற்கடுத்தது. என் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. ஊசி குத்தி விழுகிற ஓட்டை தையல் ஓரத்தில்தான் விழும் என்று போன வருடப் பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். இவை தையலுக்குப் பக்கத்திலேயே இல்லை. துணியை இரண்டு விரலால் கிள்ளி, நுனியை வெட்டினால் இப்படித்தான் வட்டமாக விழும். ஐயோ, கிள்ளி! இத்தனை வருடமாக அம்மா என்னிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள், ஆளை மட்டும் மாற்றிவிட்டாள்.

அர்த்தநாரி சார் எழுந்து வந்தார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவரும் கம்பெனியில் தரம் பார்த்தவர். பாக்கெட்டிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு சட்டையில் வைத்துப் பார்த்தார், அடுத்ததில் வைத்தார். மூன்றாவதில் வைக்காமலே லென்ஸை மூடினார்.

"சார், அது எங்க கம்பெனி லேபிள் மாதிரியே இருக்குதுங்க" பரணி முன்னால் வந்தான். அவன் மேல் தப்பே இல்லை, ஆசையாகத்தான் வந்தான். "அப்பா சொல்லுவாருங்க. அப்போ குழந்தைச் சட்டையில அடிக்கடி இப்படி வெட்டு விழுமாம். பிசிறு வெட்டற ஒரு அம்மாதான் கவனமில்லாம கத்தரி போடுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்திட்டாங்களாம். அப்புறம் ஒண்ணுகூட விழலையாம். இது அந்த வெட்டுங்களா சார்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் என் அம்மாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கிளிப்பும் போட்டு, முதலாளி மகனுக்கே காட்டிக்கொண்டிருந்தேன். மருதாக்கா ஊருக்குப் போனது ஏன் என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. காதுக்குள் ஓவர்லாக் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல்.

"இல்லீங்க பரணி" என்றார் சார். "ஊசி ஓட்டைதானுங்க. போய் உக்காருங்க."

உண்மையைப் பேசுங்க, உண்மையைப் பேசுங்க என்று மூன்று வருடமாக எங்கள் உயிரை எடுத்த மனிதர், முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல் பொய் சொன்னார். கிளிப்புகளைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. அவரே கழற்றி மடித்துக் கொடுத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பெரிய மேடைக்குத் தலைப்பை மாத்திக்கறீங்களா கண்ணு? அன்னிக்கு செந்தில்வேலு வர்றாருங்க" என்றார்.

சாயங்காலம் அம்மா சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தபோது கட்டிலில் சட்டைகள் பரப்பிக் கிடந்தன. பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு நான் தயாராக இருந்தேன். அம்மா ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"பூவை ஏண்டி பிரிச்ச?"

ஓட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூவைத்தான் கேட்டாள். சேர்த்து வைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"எந்தச் சாமிம்மா கிள்ளுச்சு?" என்றேன்.

அம்மா செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தாள். ஓடியாடி நல்லது கெட்டது பார்த்த கை, சேலைத் தலைப்பின் நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒனக்கு அப்ப நாலு வயசு இருக்கும். தெருவுல ஒரு புள்ள ரோஸ் கலர் சட்டை போட்டுட்டுப் போச்சு. நீ கேக்கல. பாத்துக்கிட்டே நின்ன. கேட்டிருந்தீன்னா ரெண்டு போட்டு இழுத்துட்டு வந்திருப்பேன். கேக்காம நின்னியேடி."

"மருதாக்காவுக்குத் தெரியுமா?"

"பூப் போட்டதே அவதான? மொதச் சட்டையிலயே ஓட்டையத் தடவிப் பாத்தா. என்னையப் பாத்தா. ஊசியில நூலக் கோத்துட்டா. ஒத்த வார்த்தை கேக்கல."

"அவங்களை நிறுத்தினப்போ நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான் நின்னேன். எல்லாரையும் நிக்க வச்சுல்ல கேட்டாக. அவ என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல, ஆத்தா. பாத்திருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாளா? நம்பத்தான் ஆசையாக இருந்தது. அவள் மேல் அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தோடு அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பேச்சுக்கு அந்த மேடையில் நான் உண்மையைச் சொன்னால் மருதாக்காவின் பெயர் கழுவப்படும், அம்மாவின் வேலை அன்றோடு போகும். சொல்லாவிட்டால் மருதாக்கா கவனமில்லாதவராகவே இருந்துகொள்வார், உடுமலையில், எங்கோ ஒரு தென்னந்தோப்பில், மட்டை உரித்துக்கொண்டோ என்னவோ. அம்மா ஒரு முறைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேடையில என்ன பேசப் போற?" என்றாள் அம்மா.

"தெரியலை."

"அவட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒண்ணும் பேசாத." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உடுமலைக்கு நானும் வாரேன்" என்றாள்.

பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஊசியையும் ரோஸ் நூலையும் எடுத்துவந்தாள். எனக்கென்று முதன்முதலில் கொண்டுவந்த ரோஸ் சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். பூ போனாலும் மருதாக்காவின் ஊசி போய்வந்த தடம் ஓட்டையைச் சுற்றி அப்படியே இருந்தது, இதழ் இதழாக, பொடிப்பொடிப் புள்ளியாக. அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே ஊசியை விடப் பார்த்தாள் அம்மா. குற்றம் கண்டுபிடித்துப் பழகிய கண்தான் அது, தைத்துப் பழகிய கை இல்லை. முதல் இதழே கோணிக்கொண்டு போனது. பிரித்துவிட்டு மறுபடி குத்தினாள். துணி நழுவியது.

"பிடிடி" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து, துணி நழுவாமல் இருக்க அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டேன்.