நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டியவன் வேலையை விட்டுப் போன அன்று சாயந்திரம், சூப்பர்வைசர் என்னையும் என் தங்கச்சி புருஷனையும் கூப்பிட்டார். அந்த சிமெண்டு கிடங்கில் லைசென்ஸ் வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஒரு வண்டி, ஒரு ஆள். நாளைக்கு மத்தியானம் நீங்களே பேசி ஒரு பேரைச் சொல்லுங்க."

பேச என்ன இருக்கிறது? பதினாறு வருடமாக ஐம்பது கிலோ மூட்டை என் முதுகில் ஏறி இறங்குகிறது. இடுப்பில் எலும்புத் தட்டு விலகிவிட்டது, இன்னும் ஒரு வருடம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கு முட்டி போய்விட்டது. அவன் முட்டி எனக்கு வலிக்காது.

"குலுக்கிப் போட்டுப் பாத்துடலாம் மச்சான்," என்றான்.

"என் இடுப்பைக் குலுக்கல்ல விடச் சொல்றியா? கேம் ஆடுவோம். மூளை உள்ளவன் வண்டியில ஏறட்டும்."

நாங்கள் ஒரே ஃபோனில் மாறி மாறி ஆடும் படை விளையாட்டு. கட்டம் கட்டமாக நிலம், ஆளுக்கொரு படை, முறை வைத்து நகர்த்த வேண்டும். அடிக்கும் முன் அடி விழ நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று திரையில் காட்டும். தவறினால் எதிராளி திருப்பி அடிப்பான். ராஜாவுக்கு ஒரே அடிதான் உயிர்; ராஜா போனால் ஆட்டம் போச்சு. பத்து ஆட்டத்தில் ஒன்பது நான் ஜெயிப்பேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் வந்து சரி என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்தோம். லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு நடுவில் குந்தினார்.

பத்து நிமிடத்தில் அவன் படையில் பாதி காலி. அவன் ஆட்டமே கோணலாக இருந்தது. முப்பது என்று காட்டினாலும் அடித்தான், இருபது என்று காட்டினாலும் அடித்தான். அதில் இரண்டு விழுந்து, என் பீரங்கி போனது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா மாப்பிள்ளை? கண்ணை மூடிட்டுக் கல்லெறியற."

"கணக்குல உங்களை அடிக்க முடியாது மச்சான். கல்லுதான் எறியணும்."

கடைசியில் அவன் ராஜா குன்றின் ஓரத்தில் தனியாக மாட்டியது. சுற்றி வளைத்தால் நாலே முறையில் கதை முடியும், என் பக்கம் ஒரு கீறல் விழாது. நேரமும் இருந்தது.

"வளைச்சு முடிப்பா," என்றார் எடைமேடைக்காரர்.

"வளைக்கிறதா? இவனுக்கா? என் ராஜா கையாலயே சாகட்டும்."

ராஜாவைக் கொண்டுபோய் அவன் ராஜா முன்னால் நிறுத்தினேன். தொண்ணூற்றைந்து என்று காட்டியது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்.

தவறியது. அவன் ராஜா திருப்பி அடிக்க வாய்ப்பு நாற்பதுதான். அடி விழுந்தது, என் ராஜா காலி.

எடைமேடைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஃபோன்ல என்னடா பண்ணி வெச்ச?"

"அது உங்க ஃபோன் மச்சான்."

"இன்னொரு ஆட்டம் ஆடு."

"நான் தோத்திருந்தா எனக்கு இன்னொண்ணு குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்." கோபத்தில் பொய் சொல்லக்கூட வரவில்லை.

சூப்பர்வைசர் வந்து யார் என்று கேட்டார். கையால் அவனைக் காட்டினேன். அவர் தலை மறைந்ததும் சொன்னேன்: "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு. இனிமே அண்ணன்னு சொல்லிக்கிட்டு என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்."

"நீங்களே சொல்லுங்க. கேமுக்கு ஒத்துக்கச் சொன்னதே அவதான்."

"அவளுக்கு என்னடா தெரியும் கேமைப் பத்தி?"

"கேமைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களைத் தெரியும். 'எங்கண்ணனுக்கு ஜெயிச்சா பத்தாது, மிதிக்கணும். அதுவரைக்கும் சாகாம இரு, கண்டிப்பா ஒரு இடத்துல வந்து கழுத்தை நீட்டும். அப்புறம் உன் அதிர்ஷ்டம்'னா."

வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வாசலில் லாரி பின்பக்கமாக வந்து நின்றது, நானூறு மூட்டையோடு.

"ஓரமா நில்லுங்க மச்சான்."

நான் நகரவில்லை. ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். மூன்றாவது தடவைக்கு நகர்ந்து, லாரிக்குப் போய் மூட்டைக்கு முதுகைக் காட்டினேன்.