உடைய மறுத்த ஐஸ்குச்சிப் பாலம்

வாலுவின் அப்பாவுக்கு நாற்காலி உடைப்பதுதான் வேலை. கோபத்தில் அல்ல, மாதச் சம்பளத்துக்கு. நாற்காலிக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எழுபது கிலோ இரும்புப் பிட்டம் ஒன்று இருக்கிறது. புது நாற்காலி எது வந்தாலும், அது முறியும்வரை தொப்பு தொப்பென்று அதன்மேல் உட்கார்ந்து எழும். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'மேனேஜர்'. உட்காருவதைத் தவிர வேறு வேலை தெரியாதாம். நாற்காலி முறிந்ததும் அப்பாவின் முகம் மலரும். படிவத்தை எடுத்து எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று நிரப்புவார். பதினோரு வருடத்தில் ஒரு நாற்காலிக்காகக்கூட அவர் கண்கலங்கியதில்லை.

மகள் விஷயத்தில்தான் மனிதர் பொசுக்கென்று உடைந்துவிடுவார். போன வருடம் பள்ளியில் நடந்த ஐஸ்குச்சிப் பாலப் போட்டியில் வாலுவின் பாலம் இரண்டே கிலோவில் பல்லைக் காட்டிவிட்டது. அவள் அரை மணி நேரம் அழுதாள். இவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருடப் போட்டியன்று காலை, வாலு பாலத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நடுக்குச்சியில் மயிரிழை விரிசல். அப்பா அதைப் பார்த்துவிட்டார். சைக்கிள் சக்கரக் கம்பி நாலை வெட்டி, அடிக்குச்சிகளுக்கு இடையே செருகி, கோந்து போட்டு மூடினார். பிறகு ஒன்றும் அறியாத பிள்ளையாகப் பேப்பர் படித்தார். பேப்பர் முந்தாநாளையது.

பள்ளி அரங்கில் அறிவியல் டீச்சர் அறிவித்தார்: "எவ்வளவு தாங்குதோ அதுக்கு நாப்பது மார்க். ஏன் ஒடைஞ்சுதுன்னு சொல்றதுக்கு அறுபது."

அப்பாவுக்கு வியர்த்தது. பள்ளி அனுப்பிய சுற்றறிக்கையில் எல்லாம் இருந்தது. அவர் படித்தது தேதியை மட்டும்.

முதல் பையனின் பாலம் ஒரு கிலோவில் சரிந்தது. "கோந்து காயறதுக்குள்ள என் தம்பி இது மேல தூங்கிட்டான் மிஸ்" என்றான். அரங்கம் அதிரக் கைதட்டல்.

அடுத்து வாலு. கையில் அப்பாவின் ஆபீஸ் படிவங்கள்.

"எட்டு கிலோல நடுக்குச்சி போயிடும் மிஸ். விரிசல் இருக்கு, வேணும்னேதான் மாத்தல. அது போனா மத்ததெல்லாம் எப்படிப் போகும்னு படம் போட்டு வெச்சிருக்கேன்."

எட்டு கிலோ வைத்தார்கள். பதினைந்து. முப்பது. எடைக்கல் தீர்ந்து அகராதிகள் வந்தன. கடைசியில் பியூன், "நான் வேணா உக்காரட்டுமா மிஸ்?" என்று கேட்டு உட்கார்ந்தே விட்டார். பாலம் முனகக்கூட இல்லை. எல்லோரும் விசிலடித்தார்கள்.

வாலுவின் முகம் செத்துப்போனது. "ஒடைய மாட்டேங்குதே மிஸ்..." படங்கள் கையில் கசங்கின.

பாலத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். "என் கோந்து வெள்ளை. இது மஞ்சளா இருக்கே." பெற்றோர் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அப்பா! உள்ள என்ன வெச்ச?"

"ஒண்ணும் வெக்கலையே. நாலே நாலுதான்."

டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "வேற ஆள் கை பட்டா போட்டியில கெடையாதும்மா."

அப்பா எழுந்து ஓடிவந்தார். "மிஸ், தப்பு என்னோடது. கொழந்தைய விட்ருங்க..." வாலுவிடம் திரும்பினார். "போன வருஷம் எப்படி அழுத நீ..."

"ஆமா, அழுதேன். அழுது முடிச்சிட்டேன். நீதான் இன்னும் முடிக்கல."

அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. வாலு அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் பெஞ்சில் உட்கார வைத்தாள். மூக்கை உறிஞ்சி, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"சும்மா அழாத. எங்க ஒடைஞ்சன்னு சொல்லு, எழுதணும்."

அவளே எழுதினாள்.

சோதிக்கப்பட்ட பொருள்: அப்பா.

தாங்கிய எடை: இரண்டு கிலோ, அதுவும் போன வருஷத்தது.

முறிந்த காரணம்: சுற்றறிக்கை படிக்கவில்லை.

அடுத்த முறை செய்ய வேண்டியது: வீட்டில் விட்டுவிட்டு வரவும்.

படித்துப் பார்த்துவிட்டு அப்பா பேனாவை வாங்கினார். பதினோரு வருட வழக்கம், கை தானாகப் போய்க் கீழே கையெழுத்துப் போட்டது.