பெகைமின் உருண்டைக்கு வந்த யாத்திரிகர்கள்

ஜெனாட்டின் தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது. மொன்றியலின் அந்த அருங்காட்சியகத்தில் அவள் நிரந்தர வழிகாட்டி ஆவதா, புவாண்ட்-கிளேர் பண்டகசாலைக்கே திரும்பிப்போய்ப் பெட்டி ஒட்டுவதா என்பதை மேற்பார்வையாளர் மதாம் லவ்வா இந்த ஒரு சுற்றைப் பார்த்துத் தீர்மானிப்பார். காலையில் அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: உன் கவனக்குறைவால் எச்சரிக்கை மணி அடித்தால் வேலை இல்லை.

வந்து இறங்கியதோ லாசால் பகுதித் தமிழ்க் கத்தோலிக்க மூத்தோர் மன்றம். பதினெட்டுப் பேர். முன்னால் தலைவர் பத்திநாதர், சூட்டும் கழுத்துப்பட்டியுமாக, கையில் நாலு பக்கத் தலைமையுரையோடு. பூமியைப் பற்றிப் பேச இவ்வளவு போதுமென்று அவர் எண்ணியிருந்தார்.

பூமி உருண்டை அறையின் நடுவில் இருந்தது. 1492இல் நியூரம்பேர்க் நகரில் உருவானதன் பிரதி. சுற்றிவரத் தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டிக் கை நீண்டால் மணி.

"இதைச் செய்தவர் மார்ட்டின் பெகைம்," என்றாள் ஜெனாட். வாசலில் மதாம் லவ்வா கோப்பைத் திறப்பது தெரிந்தது. "தன்ரை கையாலை இல்லை. உருண்டையைச் செய்தது ஒருத்தர், படம் கீறினது இன்னொருத்தர். பேர் மட்டும் இவருக்கு."

"தலைமை தாங்கியிருக்கிறார்," என்றார் பத்திநாதர் திருப்தியுடன்.

"எங்கடை விழா மலர் மாதிரி," என்றார் பின்னால் நின்ற வின்சன்ட்.

"கனடா எங்கை பிள்ளை?" என்று அல்போன்சம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. அப்ப அவைக்குத் தெரியாது. ஆனால் புனித பிரண்டன்ரை தீவு எண்டு ஒண்டு இருக்கு, பாருங்கோ."

சொன்ன கணமே தவறு விளங்கிவிட்டது. புனிதர் என்றால் தொட்டு, விரலை முத்தமிட்டு, சிலுவை போடவேண்டும். திருநாளில் சொரூபத்தடியில் செய்வதுதானே. யாரும் சொல்லாமலே வரிசை அமைந்தது. பெண்கள் முன்னால். கைப்பையிலிருந்து ஒரு செபமாலையும் வெளியே வந்துவிட்டது.

"தொடாதேங்கோ அம்மா."

"மெல்லமாத்தான் பிள்ளை. மகளின்ரை பிள்ளைப்பேறுக்கு ஒருக்கால்."

அல்போன்சம்மாவின் விரல் மஞ்சள் கோட்டை நெருங்கியது. மதாம் லவ்வா ஏதோ எழுதினார்.

"அம்மா, அப்பிடியொரு தீவே இல்லை. கேட்ட கதையைக் கீறிப்போட்டினம். புனிதர் இருந்தவர். தீவுதான் இல்லை."

விரல் ஒரு சாண் தூரத்தில் நின்றது. "இவ்வளவு பெரிய மனிசன் பிழை விடுவாரோ?"

"பெரிய மனிசர்தான் துணிஞ்சு விடுறவை," என்றார் வின்சன்ட்.

அல்போன்சம்மா யோசித்தார். பிறகு கையை மடக்கித் தன் நெஞ்சிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். வரிசை கலைந்தது. ஜெனாட் மூச்சு விட்டாள்.

மணி அடித்தது.

பத்திநாதர் உரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். "தப்ரபேன், அதாவது எங்கடை இலங்கை, எவ்வளவு பெரிசு பாருங்கோ," என்ற அவருடைய சுட்டுவிரல் உருண்டையில் அழுந்தியிருந்தது.

மதாம் லவ்வா வந்து நின்றார். யார் தொட்டது என்று கேட்டார்.

"இந்தப் பிள்ளைதான் காட்டச் சொன்னது," என்றார் பத்திநாதர், அழகான ஆங்கிலத்தில்.

ஜெனாட் மறுத்தால் வந்தவரைப் பொய்யராக்குவது, மறுக்காவிட்டால் பண்டகசாலை.

"நோன், மதாம்." முதியோர் இல்லச் சமையலறையில் முப்பது வருடம் பழகிய பிரெஞ்சில் அல்போன்சம்மா தொடங்கினார். விரல் இப்போது பத்திநாதரின் கோட்டுப் பொத்தானை நோக்கி நின்றது. "லுயி." இவர்தான், பிள்ளை வேண்டாம் என்றது, நாங்கள் கேட்டோம், இவர் மட்டும் கேட்கவில்லை என்று முடித்தார்.

மதாம் லவ்வா பத்திநாதரின் பெயரைக் கேட்டார். அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அதை எழுதி முடித்து, மதாம் லவ்வா கோப்பை ஜெனாட்டின் பக்கம் திருப்பினார். சம்பவம்: ஒன்று. பொறுப்பு: வருகையாளர். பணி நிரந்தரம். ஜெனாட் கையெழுத்துப் போட்டாள்.

பத்திநாதர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "என்னைப் பற்றி அவ என்ன எழுதினவ?"

"உங்கடை பேரை எழுதியிருக்கிறா, ஐயா."

கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டார். "சமாதான நீதவான் எண்ட பட்டத்தையும் போட்டவவோ?"