தாளாளரும் ஆடிய நாற்காலி ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரிப்பதற்காக ஷர்லி டீச்சர் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. அதே காலையில் ஆவூர்க் கோயிலில் அவள் மகள் இனியாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தாயும் தகப்பனும் இருபுறமும் கைபிடித்துப் பிள்ளையைப் பீடம்வரை நடத்திப் போவது அந்த ஊர் வழக்கம். ஒரு பக்கம் ஆளில்லாமல் தன் பிள்ளை நடக்குமோ என்பதுதான் ஒரு வாரமாக ஷர்லியின் கவலை.

கேட்காமல் இல்லை. வெள்ளிக்கிழமையே தாளாளர் அறிவுச்செல்வனின் அறை வாசலில் போய் நின்றாள்.

"சிரிக்கிறதுக்கும் லீவு கேக்குறீங்களே டீச்சர்! உங்களுக்காகத்தானே இம்புட்டு ஏற்பாடும்? வாங்க, மொத வெளையாட்டு முடிஞ்சதும் கெளம்பிக்கங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

இந்த ஏற்பாடு எதனால் வந்தது என்றால், போன மாதம் கடைசிப் பீரியடில் கணக்கு டீச்சர் பிரகதீஸ்வரி கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பிலும் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. வாத்தியார் உட்கார்ந்தால் பாடமும் உட்கார்ந்துவிடும் என்பது தாளாளர் கண்டுபிடித்த தத்துவம். அதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டாஃப் ரூமில் மாட்டியும் வைத்திருந்தார். பிரகதீஸ்வரியைப் பார்த்த டாக்டர், "நாள் முழுக்க நிக்க வைக்காதீங்க, நடுநடுவுல உக்காரட்டும்" என்றார். கூடப் போயிருந்த தாளாளர் அதை நன்றாக யோசித்துப் பார்த்து, இது மன அழுத்தம் என்று முடிவு கட்டினார். நாற்காலி வாங்குவதைவிடச் சிரிப்புப் பயிற்சியாளரைக் கூட்டிவருவது அவருக்குச் சுலபமாக இருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை ஷர்லி பார்த்திருக்கிறாள். தொட்டில் ஆட்டுவதற்கு வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்தவரை அன்றுதான் பார்த்தாள்.

பயிற்சியாளர் பெயர் கார்முகில். மஞ்சள் டீ சட்டை, காதோரம் ஒட்டிய மைக், எப்போதும் திறந்தே இருக்கும் வாய்.

"நாம சின்னப் புள்ளையில ஒரு நாளைக்கு எத்தனை தடவ சிரிச்சோம்? இப்ப ஏன் சிரிக்கல? ஏன்னா, மனசுக்குள்ள பூட்டு! எங்க, எல்லாரும் கையத் தூக்குங்க. ஹோ ஹோ! ஹா ஹா!"

ஆசிரியைகள் கையைத் தூக்கிக்கொண்டு தாளாளர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் "ஹா" என்றதும் ஹால் முழுக்க "ஹா" என்றது. அவர் வாயை மூடினார். குழாயை அடைத்ததுபோல் அத்தனை பேரும் மூடிக்கொண்டார்கள். கார்முகிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னா ஒத்துமை! இப்படி ஒரு ஸ்டாஃப நான் எங்கயும் பாத்ததில்ல சார்!"

பார்த்திருக்க மாட்டாய்தான் என்று நினைத்துக்கொண்டாள் ஷர்லி. வெளியே கேட் பக்கம் அவள் புருஷன் ஜஸ்டின் பைக்கோடு நின்றான். இனியாவைக் கோயிலில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். கோயிலில் முதல் மணி அடித்தாகிவிட்டது என்று ஹாரனைத் தட்டிச் சொன்னான்.

முதல் விளையாட்டு, மியூசிக்கல் சேர். பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் வெளியே வரும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வருஷம் முழுக்க அந்த நாற்காலியைத் துடைத்து மட்டுமே பழகியவர்கள், அதைச் சுற்றி வரிசையாக நின்றார்கள்.

"சாரும் வரணும்! வெளையாட்டுல பெரியவங்க சின்னவங்க கெடயாது" என்று தாளாளரின் கையைப் பிடித்து இழுத்தார் கார்முகில். அவரும் வேட்டியைச் சற்றே தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பி.இ.டி. வாத்தியார் கண்ணுசாமி ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டார்.

சுற்றினார்கள். பாட்டு நின்றது.

யாரும் உட்காரவில்லை.

தாளாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கும்போது யார் உட்காருவது? அவரோ இன்றைக்குத் தன் பெருந்தன்மையைக் காட்டிவிடுவது என்ற முடிவோடு நின்றார். "உக்காருங்க டீச்சர், உக்காருங்க" என்று நாலு பக்கமும் கையைக் காட்டினார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த "உக்காருங்க"வுக்கு அர்த்தமே வேறு. அவர் அறையிலும் அப்படித்தான் சொல்வார். சொன்னதைக் கேட்டு உட்கார்ந்த ஒரு புது வாத்தியார் அடுத்த மாதம் வேறு பள்ளிக்கூடம் தேடிப்போனார்.

"நீங்க உக்காருங்க சார்."

"இல்லல்ல, நீங்க மொதல்ல."

"ஐயோ, நீங்க உக்காந்தாத்தான் சார் எங்களுக்கு அழகு."

கார்முகில் ஒன்றும் புரியாமல் சிரித்தார். "இது விட்டுக்குடுக்குற வெளையாட்டு இல்லங்க, புடிக்கிற வெளையாட்டு! அண்ணே, பாட்டப் போடுங்க!"

மறுபடியும் பாட்டு, மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் எல்லாரும் நாற்காலிக்கு முன்னால் பயபக்தியோடு நின்றார்கள், நாற்காலியில் சாமி இருப்பதுபோல. எம்.எஸ்ஸி. படித்தவர்கள், பி.எட். முடித்தவர்கள், தைரியமாக இரு என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுப்பவர்கள். ஆட்டத்தில் ஒருத்தர்கூட அவுட் ஆகவில்லை. அவுட் ஆகாமல் ஆட்டம் எப்படி முடியும்? ஆட்டம் முடியாமல் ஷர்லி எப்படிப் போவது?

வெளியே ஹாரன் நீளமாக அடித்தது.

பக்கத்தில் நின்ற பிரகதீஸ்வரியிடம், "யாராச்சும் உக்காந்து தொலைங்கடி" என்று பல்லைக் கடித்தாள் ஷர்லி.

"நீ வேற! மயங்கி விழுந்ததுக்கே இன்னும் மொறைக்கிறாரு. ஜவுளிக்கடைப் புள்ளைங்களுக்கே ஸ்டூல் போட்டுட்டாங்க, நமக்குப் பாட்டப் போட்டுச் சுத்த விடுறாங்க பாரு."

அடுத்து பாட்டு நின்றபோது ஷர்லி உட்கார்ந்தாள். எதிரே தாளாளர் நிற்க, கால்களை நீட்டி, முதுகைச் சாய்த்து, நன்றாகவே உட்கார்ந்தாள். நாற்காலி க்ரீச் என்றது.

"ஆகா!" என்று துள்ளினார் கார்முகில். "ஒரே ஆளு! மத்தவங்க எல்லாரும் அவுட்! சாரும் அவுட்! வின்னர் நம்ம டீச்சர்! சொல்லுங்க டீச்சர், மனசு எப்படி இருக்கு? பாரம் எறங்குச்சா?" மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"மனசு கெடக்கட்டும் சார். காலு நல்லாயிருக்கு."

முதலில் சிரித்தது கண்ணுசாமி. அடுத்து பிரகதீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. ஹால் முழுக்கப் பரவிவிட்டது. இந்த முறை யாரும் தாளாளர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதனால் அவர் முறைத்ததும் உடனே நிற்கவில்லை. கார்முகிலும் கூடவே சிரித்தார், தன் பயிற்சி பலித்துவிட்டது என்ற பெருமையில்.

"மொத வெளையாட்டு முடிஞ்சுருச்சு சார். போயிட்டு வாரேன்" என்று எழுந்தாள் ஷர்லி.

"திங்கக்கெழம காலையில மொத வேலையா என்னைய வந்து பாருங்க டீச்சர்." தாளாளரின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"பாக்குறேன் சார்."

அவள் படியிறங்கும்போதே சிரிப்பு அடங்கிவிட்டது. "அந்த ரவுண்டு செல்லாது. திருப்பி ஆடுங்க" என்று அவர் சொன்னது கேட்டது. உடனே பாட்டும் கேட்டது. செருப்புத் தேயும் சத்தமும் கேட்டது. சிரித்தவர்கள்தான் இப்போது சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஷர்லிக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. கோயிலுக்குப் போகிற வாய் என்று அடக்கிக்கொண்டாள்.

"என்ன, நல்லாச் சிரிச்சியா?" என்றான் ஜஸ்டின், வண்டியைக் கிளப்பியபடி.

"ஒன் வாயையும் தெறக்காத. ஓட்டு."

ஆவூர் போய்ச் சேர்ந்தபோது பூசையின் பாதியில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசை கட்டிவிட்டார்கள். இனியாவுக்கு முன்னால் இன்னும் மூன்று பிள்ளைகள். அவளுடைய அத்தை ஒரு பக்கம் கையைப் பிடித்திருந்தாள். மறுபக்கத்துக் கையை யாரிடமும் கொடுக்காமல் விரைப்பாகத் தொங்கவிட்டிருந்தாள் இனியா. அத்தை விலகி ஜஸ்டினுக்கு இடம் விட்டாள். ஷர்லி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். வரிசை நகர்ந்தது.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்தியான முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"அம்மா, செருப்பக் கழட்டு."