குடைக்காரர் இரண்டாம் முறை வந்தார்

அந்த வருஷக் கல்லூரி விழாவுக்குப் பெரிய நாடகம் முன்பே முடிவாகியிருந்தது. பாண்டிய இளவரசி ஒருத்தியைப் பற்றிய சரித்திர நாடகம். அதற்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு ஏதாவது வேண்டும் என்று முதல்வர் சொன்னதால், ஆங்கிலத் துறை பத்மாசினி மிஸ் ஒரு பாட்டு நாடகத்தைத் தேடிப் பிடித்தார். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் எழுதியது. ஒரே அங்கம், மூன்றே பேர், முழுக்கச் சிரிப்பு. தாமதமாக வருகிறவர்கள் இடம் பார்த்து உட்காரும்வரை அந்த ஊரில் இப்படி ஒன்றை ஓட்டுவார்களாம்.

"அப்ப நம்மள யாரும் பாக்க மாட்டாங்களா மிஸ்?" என்று கேட்டாள் அதில் நடிக்கப் பேர் கொடுத்திருந்த மாணவி ஆயிஷா சித்திகா.

"சீக்கிரம் வந்தவங்க பாப்பாங்க."

கதை சின்னது. ஒரு விதவை, மாப்பிள்ளை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறாள். குடை ரிப்பேருக்கும் ஆள் சொல்லி அனுப்புகிறாள். ரிப்பேர்காரர் முதலில் வந்துவிட, அவரை மாப்பிள்ளை என்று நினைத்து உபசரிக்கிறாள். பின்னால் வந்த மாப்பிள்ளை கையில் ஓட்டைக் குடையைத் திணிக்கிறாள். மிஸ் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டுகளைத் தமிழில் எழுதினார். ஆயிஷாவுக்கு ஒட்டு மீசையோடு குடைக்காரர் வேஷம்.

அவள் வீட்டில் பாடிப் பாடி, நெல்பேட்டையில் கைலிக் கடை வைத்திருந்த அவளுடைய அத்தா அப்துல் வஹீதுக்கே பாட்டு மனப்பாடமாகிவிட்டது. விழா அன்று கடையைச் சாத்திவிட்டு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அது விருந்தினர்களுக்கு என்று சொல்லி அவரை இரண்டு வரிசை பின்னால் அனுப்பினார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. ஆரம்பிக்கலாம் என்றார் முதல்வர். ஆயிஷா குடையைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு வந்து, "கம்பி ஒடிந்தால் மாற்றலாம் கண்ணே" என்று எடுத்தபோது வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியது. கூட்டம் மொத்தமும் எழுந்து பின்னால் திரும்பியது. அரங்கில் விளக்குகள் எரிந்தன.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா," என்று முதல்வர் கையசைத்தார்.

மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடியும்வரை மூன்று பெண்களும் மேடை ஓரத்திலேயே நின்றார்கள். வேர்வையில் ஆயிஷாவின் மீசை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. முதல்வர் பத்மாசினி மிஸ்ஸிடம் வந்து, "இது போதும். பெரிய நாடகத்தைப் போட்ருங்க," என்றார்.

மிஸ் பதில் சொல்வதற்குள் அப்துல் வஹீது எழுந்துவிட்டார்.

"மேடம், அந்தக் குடைக்காரர் கதை பாதியில நிக்குதே. எம்புட்டு நேரமாகிரப் போகுது? போடச் சொல்லுங்க."

ஆயிஷாவுக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்து, "என்ன கதை அது?" என்று கேட்டார். நின்றபடியே வஹீது பாதிக் கதையைச் சொன்னார். விருந்தினர் சிரித்துவிட்டார். "என்னாலதான நின்னுச்சு? முதல்லேருந்தே போடுங்க, நானும் பாக்குறேன்."

இந்த முறை தாமதமாக வருவதற்கு யாரும் மிச்சமில்லை. நிறைந்த அரங்கம் சிரித்தது. மாப்பிள்ளை ஓட்டைக் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த இடத்தில் கைதட்டல் அடங்கவே நேரமானது.

அதற்குப் போன நேரம் பெரிய நாடகத்தில்தான் குறைந்தது. விருந்தினருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும், பரிசளிப்பும் பாக்கி. போர்க்களக் காட்சியோடு திரையை இறக்கச் சொல்லிவிட்டார்கள். இளவரசி தகப்பனிடம் விடைபெறும் கடைசிக் காட்சி நடக்கவேயில்லை.

இளவரசியாக நடித்தவள் ஆயிஷாவின் வகுப்புத் தோழி ரம்யாஸ்ரீ. ஒப்பனை அறையில் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருநகரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா பக்கத்தில் நின்றார். அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் அவள் என்னவோ சொன்னாள். ஆயிஷாவுக்குப் புரியவில்லை. அதே மொழி பேசும் வீட்டில் பிறந்த பத்மாசினி மிஸ்ஸுக்குப் புரிந்தது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"தப்பு என்னோடது ரம்யா," என்றார். "நின்ன இடத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கலாம். முழுசாப் பாக்கணும்னு எனக்கே ஆசை வந்துருச்சு. அந்தக் கடைசிக் காட்சிய இப்ப நடிக்கிறியா? நாங்க இம்புட்டுப் பேர் இருக்கோம்."

"ஆளுங்க போனப்புறம் எதுக்கு மிஸ்?"

ஸ்கூட்டரில் திரும்பும்போது அத்தா உற்சாகமாகப் பாடிக்கொண்டு வந்தார். "பாடாதீங்கத்தா," என்று நடந்ததைச் சொன்னாள் ஆயிஷா. அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? எம்மகளப் பாக்கணும்னு கேட்டேன்."

"உங்கள ஒண்ணும் சொல்லலத்தா."

மறுநாள் வகுப்பில் ரம்யாஸ்ரீ ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆயிஷா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க மோசமாப் பண்ணியிருந்தா நல்லாத் திட்டித் தீர்த்திருப்பேன்," என்றாள் ரம்யா. "அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.