மாடிக்கு ஏறிய மாவு மூட்டைகள்

காற்று அடங்கிவிட்டது என்று தெரிந்ததும் எங்கள் தெருவுக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஜன்னல்களில் அறைந்திருந்த பலகைகளைக் காலையிலேயே கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். புயல் வலுவிழந்தது என்று வானொலி சொன்னதும் உண்மைதான். அந்தச் செய்தி வந்த வானிலை அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. பணி முடித்து வந்தவள், உடைகூட மாற்றாமல் எங்கள் பேக்கரியில் மாவு மூட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மறுபடியுமா?" என்று கல்லாவிலிருந்து மாமியார் கேட்டார். "போன வருஷமும் இப்படித்தான் எல்லாத்தையும் மாடிக்கு ஏத்த வச்சே. ஒரு சொட்டு வந்துச்சா?"

போன வருஷம் புயல் கடைசி நேரத்தில் திசை மாறிவிட்டது. அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் மழைக்காரி.

"அப்ப வரல அத்தை. இன்னைக்கு வரும்."

"காத்தே இல்லையேடி!"

"காத்தை விடுங்க. கடல் வழக்கத்தைவிட சூடா கிடக்கு. சூடாக ஆக நிறைய ஆவியாகும். அவ்வளவையும் குடிச்சுட்டுதான் இந்தப் புயல் வந்திருக்கு. வேகம் குறைஞ்சுதே தவிர, வயித்துல இருக்கிற தண்ணி குறையல. நகரவும் மாட்டேங்குது. நம்ம தலைக்கு மேலயே உட்கார்ந்து கொட்டப்போகுது."

"உங்க ஆபீஸ்ல அப்படிச் சொல்லலையே?"

"சொன்னாங்க, ரெண்டாவது வரியில. முதல் வரியைக் கேட்டதும் எல்லாரும் ரேடியோவை அணைச்சுட்டீங்க."

பக்கத்துத் தையல்காரர் வாசலில் நின்று சிரித்தார். "என்னம்மா மழைக்காரி, துணி காயப்போடலாமா வேண்டாமா?"

"நல்லா சிரிங்க அண்ணே. மிஷினை மட்டும் மேஜை மேல ஏத்திட்டுச் சிரிங்க."

முழங்கை வரை மாவோடு என் கணவர் அடுப்பறையிலிருந்து வந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மூட்டையைத் தோளில் தூக்கினார்.

"நீயுமாடா?"

"இவ சொன்னது பொய்யாப் போனா மூட்டையை நானே இறக்கிடறேன்மா. நிஜமாயிட்டா உன்னை யாரு தூக்கறது? நீ என்ன மூட்டையா?"

மாமியாரின் அறை கடைக்குப் பின்னால், தெருவைவிட இரண்டு படி தாழ்வாக இருந்தது. தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் தேங்கும். என் பயமெல்லாம் அதுதான். அவரோ அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மாவெல்லாம் மாடியில் எங்கள் கட்டிலுக்குப் போனது. "இன்னைக்கு நாம எங்க படுக்கறது?" என்றார் என் கணவர், மூச்சு வாங்கியபடி.

"நடுவுல மூட்டை. அந்தப் பக்கம் நீங்க."

"புயலே பரவாயில்லை."

மதியம் மழை பிடித்தது. எதிர்வீடு மறைந்துபோனது. கொஞ்ச நேரத்தில் சாக்கடை தண்ணீரை உள்ளே வாங்காமல் வெளியே தள்ளியது. நான் கீழே ஓடி, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை நனைய ஆரம்பித்திருந்தது.

"நீங்க வரலைன்னா நானும் போகல."

"மிரட்டறியா?"

"ஆமா."

என்னை முறைத்துவிட்டுக் கால்களை மேலே தூக்கிக்கொண்டார். நான் என் கால்களைத் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். அது கணுக்காலைத் தொட்டபோது அவர் எழுந்தார். "உன்னை நம்பி வரல. நீ இல்லாம என் மகன் சாப்பிடமாட்டான், அதுக்காக வரேன். கையை விடு, எனக்குக் காலிருக்கு."

நாங்கள் மாடிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் கீழே அவருடைய கட்டில் மிதந்தது. அடுப்பைத் தூக்க முடியாதே. அது மூழ்குவதை என் கணவர் படிக்கட்டில் நின்று பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தெருவில் தையல்காரர் இடுப்பளவுத் தண்ணீரில், மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு தத்தளித்தார். ஜன்னலிலிருந்து மாமியார் கத்தினார்: "அங்க எங்கடா போற? மேல வா! என் மருமகளுக்குப் பட்டப்பேர் வச்ச வாயை மட்டும் வெளியிலேயே விட்டுட்டு வா!"

என் கணவர் இறங்கிப் போய் அவரைக் கூட்டிவந்தார். மூட்டை மேல் சாய்ந்துகொண்டு மாமியார் என்னைக் கேட்டார்: "சரி, அடுத்த தடவை நீ சொல்லி மழை வரலைன்னா?"

"திட்டுங்க. அதுக்கடுத்த தடவையும் ஏத்துவேன்."

சாய்ந்திருந்த மூட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், இனிமே சின்ன மூட்டையா வாங்கு."